சிதம்பரத்தின் தெருச்சுவர்: அன்றாட நிகழ்வுகளும் தெருக்கலையும்

ஆய்வுச்சுருக்கம்

ஓர் ஊரில் நாள்தோறும் நிகழும் பூப்பு, திருமணம், இறப்பு, திருவிழா, தேர்தல் ஆகியவற்றைத் தெருவில் செல்வோர்க்கு அறிவிக்கும் கோலம், சுவரெழுத்து, சுவரொட்டி, பதாகை ஆகியன தமிழகத்தின் தெருக்கலையாக அமைகின்றன. கோயில் நகரமாகவும் பல்கலைக்கழக நகரமாகவும் விளங்கும் சிதம்பரத்தைச் சான்றாகக் கொண்டு, இவற்றை வாழ்நாள், இடம், உரிமை என்னும் மூன்று கூறுகளின் வழியே வாசிக்கும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது. கல்வெட்டியல் வளர்த்துள்ள ஆவண நெறிகளைத் தெருச்சுவருக்கும் பொருத்த இயலும். பொருத்தத் தவறின் ஒரு காலத்தின் எழுத்து வழக்கு சான்றின்றி மறையும் என்பது இதன் கருத்து.

திறவுச்சொற்கள்: தெருக்கலை, சுவரெழுத்து, சுவரொட்டி, கோலம், சிதம்பரம், கல்வெட்டியல், ஆவணப்படுத்தல்

1. முன்னுரை

தெருவைக் காட்சிக்குரிய இடமாகக் காண்பது தமிழ் மரபுக்குப் புதியதன்று. பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்துத் தெருக்களை விவரிக்கும்போது, அங்கு அசைந்த கொடிகளை வகைப்படுத்திக் காட்டுகிறது. வழிபாட்டுக்குரிய கொடி, வாதுக்கு அழைக்கும் ஆசிரியர்கள் நாட்டிய கொடி, கப்பலின் கூம்பில் பறந்த கொடி, கள் விற்கும் மனையின் கொடி என ஒவ்வொன்றும் ஒரு செய்தியைத் தாங்கி நின்றது. மணிமேகலையின் மலர்வனம் புக்க காதை, வெண்சுதை பூசிய மாளிகைச் சுவர்களில் தீட்டப்பட்ட ஓவியங்களைக் கண்டு வீதியில் நின்ற மக்களைக் குறிப்பிடுகிறது. கொடி அறிவித்தது, சுவர் காட்டியது, வழிப்போக்கர் நின்று வாசித்தனர்.

இவ்விலக்கியச் சான்றுகளைத் தமிழாய்வு விரிவாகப் பயன்படுத்தியுள்ளது. ஆயினும் இன்றைய தெருவின் கொடிக்கும் சுவருக்கும் அதே கவனம் கிடைக்கவில்லை. சுவரொட்டியும் பதாகையும் தூய்மைக்கேடாகவோ அரசியல் ஆரவாரமாகவோ மட்டும் பேசப்படுகின்றன. கோலம் பெண்களின் கைவேலையாகச் சுருக்கப்படுகிறது. இவை ஓர் ஊர் தன்னைப் பற்றித் தானே எழுதிக்கொள்ளும் பனுவல்கள் என்ற நோக்கில் அணுகினால், அவற்றை வாசிப்பதற்குரிய நெறி யாது என்ற வினா எழுகிறது. அவ்வினாவுக்கு விடை காண முயல்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. இரு நாட்காட்டிகளின் ஊர்

சிதம்பரத்தின் அமைப்பு இவ்வாய்வுக்கு ஏற்றது. இருப்புப்பாதைக்கு மேற்கே, நடராசர் கோயிலைச் சூழ்ந்த கீழவீதி, மேலவீதி, வடக்கு வீதி, தெற்கு வீதி என்னும் நான்கு தேர் வீதிகளை நடுவாகக் கொண்டது பழைய ஊர். கிழக்கே அமைந்தது அண்ணாமலை நகர். 1920இல் அண்ணாமலைச் செட்டியார் நிறுவிய மீனாட்சி கல்லூரி, 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. சிதம்பரம் நகராட்சி, அண்ணாமலை நகர் தனிப் பேரூராட்சி.

இவ்வமைப்பால் ஊரின் சுவர்கள் இரண்டு நாட்காட்டிகளைப் பின்பற்றுகின்றன. ஒன்று கோயிலின் நாட்காட்டி. ஆனித் திருமஞ்சனமும் மார்கழித் திருவாதிரையும் தேரோட்டத்தோடு நடைபெறும் பெருவிழாக்கள். 1981 முதல் மகாசிவராத்திரியை ஒட்டி நாட்டியாஞ்சலி நடைபெற்று வருகிறது. மற்றொன்று கல்வியாண்டின் நாட்காட்டி. சேர்க்கைக் காலம், தேர்வுக் காலம், விடுதி திறக்கும் காலம் என அது சுழல்கிறது. பல்கலைக்கழகம் உள்ள எந்த ஊரிலும் வாடகை அறை, உணவு விடுதி, தட்டச்சு, ஆய்வேடு கட்டுமானம், போட்டித் தேர்வுப் பயிற்சி ஆகியவற்றின் விளம்பரங்கள் இந்தப் பருவங்களோடு தோன்றி மறையும். ஒரே சுவரில் தேர்த்திருவிழா வரவேற்பும் பயிற்சி மைய அறிவிப்பும் அருகருகே ஒட்டப்படும்போது, ஊரின் இரு முகங்களும் அச்சுவரில் சந்திக்கின்றன.

கற்சுவரில் எழுதும் மரபும் இவ்வூரில் தொன்மையானது. கோயிலில் சோழர், கோப்பெருஞ்சிங்கன், பாண்டியர், விசயநகர அரசர் காலக் கல்வெட்டுகள் உள்ளன. கிழக்குக் கோபுர வாயிலில் கரணச் சிற்பங்களுக்குரிய நாட்டிய சாத்திரச் சுலோகங்கள் கிரந்த எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. உருவமும் அதற்குரிய எழுத்தும் ஒருங்கே அமைந்து, கடந்து செல்வோரை நோக்கி நிற்கும் காட்சி இது. ஆகவே ஆயிரமாண்டு நிலைத்த எழுத்தும் ஒரு பகலில் அழியும் எழுத்தும் சில நூறு அடி இடைவெளியில் வாழும் ஊராகச் சிதம்பரம் விளங்குகிறது.

3. வாழ்நாள்: ஒரு பகல் முதல் ஒரு தலைமுறை வரை

தெருப்பனுவலின் முதற்கூறு அதன் வாழ்நாள். இவ்வகையில் கோலமே மிகக் குறுகிய வாழ்வுடையது. விடியலில் வாசல் பெருக்கி, சாணம் தெளித்து, அரிசி மாவாலோ கோலப்பொடியாலோ இடப்படும் கோலம், மாலைக்குள் காலடிகளிலும் வண்டிச் சக்கரங்களிலும் கரைந்துவிடும். மார்கழியில் அது வாசலைக் கடந்து தெருவின் நடுவரை விரிந்து, பூசணிப்பூவைத் தாங்கும். இக்கலையின் ஒழுங்கைக் கல்லூரி உலகம் தனக்குரிய வழியில் கண்டுகொண்டது. 1970களில் தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணியும் அவருடன் பணியாற்றியவர்களும் புள்ளிக்கோலங்களை வடிவ இலக்கணமாக ஆராய்ந்தனர். அவ்வாய்வு கணினி அறிவியலில் முறைசார் மொழிக் கோட்பாட்டுக்குப் பங்களித்தது. விஜயா நாகராசனின் 2019ஆம் ஆண்டு நூல், கோலத்தைச் சடங்கு, சூழலியல், பெண்களின் அறிவு ஆகிய கோணங்களில் விரிவாக ஆராய்ந்தது.

அன்றாட நிகழ்வுகளின் நோக்கில் கோலத்துக்கு மற்றொரு பணியும் உண்டு. இறப்பு நிகழ்ந்த வீட்டின் வாசலில் கோலம் இடப்படுவதில்லை. நாள்தோறும் கோலம் காணும் தெருவில் வெறுமையான வாசல் ஒரு செய்தியாகும். அதைக் கண்டு அண்டை வீட்டார் நின்று விசாரிப்பர். எழுதப்பட்டதைப் போலவே எழுதப்படாததும் பொருள் தருகிறது என்பதற்கு இதைவிட எளிய சான்று அரிது.

அதே இறப்பின் அடுத்த அறிவிப்பு சுவரொட்டி. ‘கண்ணீர் அஞ்சலி’ என்ற தலைப்பு, மறைந்தவரின் படம், தோற்ற நாளும் மறைந்த நாளும், இறுதி ஊர்வலம் புறப்படும் நேரமும் இடமும், இறுதியில் துயருறுவோர் பெயர்ப் பட்டியல் என அதற்கு உறுதியான அமைப்பு உண்டு. மைதாப் பசை கொண்டு இரவில் ஒட்டப்படும் இச்சுவரொட்டி, மழை பெய்யும்வரையிலோ வேறொருவர் அதன்மீது ஒட்டும்வரையிலோ நிலைக்கும். பசையின் சுவைக்காக மாடுகள் கிழித்துத் தின்பதும் அதன் வாழ்நாளைக் குறைக்கும். ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டப்பட்டுத் தடித்த தாள் அடுக்கு, அகழாய்வின் மண்ணடுக்கைப் போல, மேலிருந்து கீழாகக் காலத்தைப் பின்னோக்கி வாசிக்கத் தக்கது.

சுவரெழுத்தின் வாழ்நாள் இன்னும் நீண்டது. சுண்ணாம்பு அடித்த சுவரில் நீலமும் காவியும் கொண்டு, வஜ்ஜிரப் பசை கலந்து எழுதப்பட்ட எழுத்துகள் ஒரு தேர்தலிலிருந்து அடுத்த தேர்தல் வரையிலும் தெரிவதுண்டு. இவ்வரிசையின் மறுமுனையில் சிலையும் கல்வெட்டும் நிற்கின்றன. ஆகவே ஒரு செய்திக்கு எந்த ஊடகம் தேர்ந்தெடுக்கப்பட்டது என்பதே, அது எவ்வளவு காலம் நினைக்கப்பட வேண்டுமென்று எழுதியவர் கருதினார் என்பதைக் காட்டும்.

4. இடம்: சுவரும் தெருவும் தரும் பொருள்

ஒரே சொற்றொடர் வேறிடத்தில் வேறு பொருள் பெறும். தமிழக மொழிப்போராட்ட வரலாறு இதற்குத் தெளிவான சான்று. 1950களில் தொடர்வண்டி நிலையப் பெயர்ப்பலகைகளில் இந்தி எழுத்துகள் தார் பூசி அழிக்கப்பட்டன. 1953ஆம் ஆண்டு டால்மியாபுரம் பெயர் மாற்றப் போராட்டத்தில், நிலையப் பலகையின்மீது ‘கல்லக்குடி’ என்று எழுதிய தாள் ஒட்டப்பட்டது. ஊர்ப்பெயர் எழுதிய ஒரு தாள் தன்னளவில் போராட்டம் ஆகாது. அது ஒட்டப்பட்ட பலகையே அதனைப் போராட்டமாக்கியது.

1965ஆம் ஆண்டு இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர்கள் பெரும்பங்கு கொண்டனர். அவ்வாண்டு சனவரி 27ஆம் நாள் நிகழ்ந்த காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் மாணவர் இராசேந்திரன் உயிரிழந்தார். அண்ணாமலை நகரில் அவருக்குச் சிலை உள்ளது. அப்போராட்டத்தின் முழக்கங்களைத் தாங்கிய சுவர்களின் நிலை வேறு; அவை வெள்ளையடிக்கப்பட்டன, இடிக்கப்பட்டன, மீண்டும் கட்டப்பட்டன. சிலை எஞ்சியது, முழக்கங்களின் எழுத்துவடிவம், சொல்லாட்சி, எழுதப்பட்ட இடம் ஆகியவற்றை அந்தந்தச் சுவரிலேயே வைத்து ஆராயும் வாய்ப்பு இன்றில்லை.

கோலமும் இடம் மாறும்போது பொருள் மாறும். 2019 திசம்பர் இறுதியில், குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கு எதிரான வாசகங்களோடு சென்னை பெசன்ட் நகர்த் தெருவில் கோலமிட்டவர்கள் காவல்துறையினரால் தடுத்து வைக்கப்பட்டனர். அடுத்த சில நாட்களில் அதே வாசகக் கோலங்கள் பல வீட்டு வாசல்களில் தோன்றின. மங்கலத்தின் அடையாளமாக எவரும் ஐயுறாத ஒரு வடிவம், பொதுத்தெருவுக்கு வந்து ஒரு வாசகத்தை ஏற்றதும் விண்ணப்பமாகவும் எதிர்ப்பாகவும் மாறியது. இம்மாற்றம் கோலத்தின் இயல்பிலேயே உறையும் ஒரு திறனைக் காட்டுகிறது. கோலம் எப்போதும் தெருவை நோக்கியே வரையப்படுகிறது. வீட்டுக்குள்ளிருப்போர்க்கு அது தலைகீழாகவோ பக்கவாட்டிலோ தெரியினும் குறையில்லை.

5. உரிமை: எழுதுவோர் யார், அழிப்போர் யார்

மூன்றாம் கூறு உரிமை. தேர்தலுக்கு முன்பே சுவருக்கு வெள்ளையடித்து, கட்சிப் பெயரின் சுருக்கத்தையும் ஆண்டையும் எழுதி இடம்பிடிக்கும் வழக்கம் தமிழகம் அறிந்தது. சுவரின் உரிமையாளர் ஒருவர், எழுதும் உரிமை கொண்டாடுபவர் மற்றொருவர், எழுதக் கூடாதென்னும் சட்டம் மூன்றாமது. பொது இடங்களை உருச்சிதைப்பதைத் தடுக்கும் தமிழ்நாட்டுச் சட்டம் 1959ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஆயினும் 2006ஆம் ஆண்டுச் சட்டமன்றத் தேர்தலில் தேர்தல் ஆணையம் கண்டிப்புக் காட்டிய பின்னரே சுவரெழுத்து பெருமளவு குறைந்தது. 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127அ பிரிவு, தேர்தல் சுவரொட்டியில் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரையும் முகவரியையும் கட்டாயமாக்குகிறது. சட்டம் பொறுப்பை அறிவதற்காக விதித்த இவ்வரி, ஆய்வாளருக்குப் பனுவலின் பிறப்பிடத்தை அறிவிக்கும் குறிப்பாகப் பயன்படுகிறது.

சுவரெழுத்து குறைந்த அதே காலத்தில் ஃப்ளெக்ஸ் பதாகை பரவியது. இம்மாற்றத்தின் காரணம் தொழில்நுட்பத்தோடு விலை முறையிலும் அடங்கியுள்ளது. கையால் எழுதிய காலத்தில் முகம் வரைதல் தேர்ந்த ஓவியரின் வேலை; நேரமும் கூலியும் மிகுதி. ஆகவே சாதாரணச் சுவரில் எழுத்தே ஆட்சி செய்தது. எழுத்தின் தடிப்பு, நிழல், வளைவு ஆகியவற்றில் ஓவியரின் தனித்தன்மை வெளிப்பட்டது. ஃப்ளெக்ஸ் பதாகைக்குச் சதுர அடிக் கணக்கில் விலை. ஒரு முகம் இருப்பினும் நாற்பது முகம் இருப்பினும் அச்சுக் கூலி ஒன்றே. இதன் விளைவாக, காதணி விழா, மஞ்சள் நீராட்டு விழா, புதுமனை புகுவிழா ஆகியவற்றின் பதாகைகளில் உற்றார், நண்பர், தெருவார் முகங்கள் வரிசை வரிசையாக நிறைந்தன. பொதுச்சுவரில் தம் முகத்தைக் காணும் வாய்ப்பு எளியோர்க்கும் கிட்டியது. எழுத்தோவியர் தொழில் இழந்தார். இரண்டையும் ஒருங்கே நோக்குவதே நடுநிலையான வாசிப்பாகும்.

சென்னையின் கையோவியப் பதாகைகளையும் கட்-அவுட்டுகளையும் பிரமிந்தா ஜேக்கப் 2009ஆம் ஆண்டு நூலில் ஆராய்ந்தார். இரசிகர்களின் சுவரொட்டி, பதாகைப் பண்பாட்டை ரூஸ் கெரிட்சென் ஆராய்ந்துள்ளார். இவ்வாய்வுகள் திரைப்படம், அரசியல் ஆகியவற்றைச் சார்ந்தவை. ஒரு சிற்றூர்த் தெருவின் காதணி விழாப் பதாகைக்கும் இரங்கல் சுவரொட்டிக்கும் உரிய மொழிநடை ஆய்வு தமிழ்த் துறைகள் ஏற்க வேண்டிய பணியாக உள்ளது.

பதாகையின் மறுபக்கத்தையும் மறக்கலாகாது. 2019 செப்டம்பரில் சென்னைப் பள்ளிக்கரணையில் சாலையின் நடுவில் வைக்கப்பட்ட திருமணப் பதாகை சரிந்து, இருசக்கர ஊர்தியில் சென்ற இளம்பெண் உயிரிழந்தார். 2017இல் கோயம்புத்தூரில் விழா அலங்கார வளைவோடு தொடர்புடைய விபத்தில் இளம்பொறியாளர் ஒருவர் உயிரிழந்தபோது, அவரைக் கொன்றது யார் என்னும் வினா அச்சாலையிலேயே பெரிய எழுத்தில் தீட்டப்பட்டது. தெருவை அடைத்துக்கொண்ட ஆடம்பரத்துக்குத் தெருவெழுத்தே மறுமொழி தந்தது.

தெருவில் எவர் பெயர் எழுதலாம் என்னும் வினா, தெருவில் எவர் நடக்கலாம் என்னும் வினாவோடு பிணைந்தது. நந்தனார் வரலாற்றோடு இணைந்த சிதம்பரத்தில் இது கூடுதல் பொருளுடையது. இவ்வூரில் சுவாமி சகசானந்தர் 1916இல் நந்தனார் பெயரால் கல்விப் பணியைத் தொடங்கினார். கோயில் நுழைவு மறுக்கப்பட்டவரின் பெயர் கல்விக்கூடத்தின் பெயர்ப்பலகையில் ஏறியது. 2023 ஆனித் திருமஞ்சனத்தின்போது, கனகசபையில் ஏறி வழிபடத் தடை என்று கோயிலுக்குள் வைக்கப்பட்ட அறிவிப்புப் பலகை பெரும் விவாதத்துக்கு உள்ளாகி அகற்றப்பட்டது. பலகை என்பது வெறும் தகவல் அன்று. ஓர் உரிமையின் கோரிக்கை என்பதை இவை உணர்த்துகின்றன.

6. கல்வெட்டியலிலிருந்து கொள்ளத்தக்க நெறி

கல்வெட்டை ஆவணப்படுத்துவோர் அது அமைந்த சுவர், திசை, காலம், எழுத்தமைதி, கொடையாளர், சிதைந்த பகுதி ஆகியவற்றைப் பதிவு செய்த பின்னரே பாடத்தை வெளியிடுவர். அவ்வொழுங்கைத் தெருப்பனுவலுக்கும் பொருத்தலாம். ஒரு பதாகையை அல்லது சுவரொட்டியைப் பதிவு செய்கையில் ஐந்து குறிப்புகள் இன்றியமையாதன: அது இருந்த தெருவும் சுவரும்; காணப்பட்ட நாளும் நீக்கப்பட்ட நாளும்; முழுப் பாடம், பிழைகள் திருத்தப்படாமல்; பெயர்ப் பட்டியலும் அச்சகக் குறிப்பும்; அதற்கு முன்பும் பின்பும் அதே இடத்தில் இருந்தவை. இவற்றுள் இறுதிக்குறிப்பே மிகுதியும் விடுபடுவது. சுவரிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட ஒளிப்படம், இடம் தெரியாத கல்வெட்டுத் துண்டை ஒத்தது.

கல்வெட்டுக்கும் பதாகைக்கும் உள்ள வேறுபாடும் நினைவிற்குரியது. மெய்க்கீர்த்தியில் தொடங்கி, கொடையைக் கூறி, அதைக் காப்போரைச் சுட்டி முடியும் கல்வெட்டு ஓர் உரிமையை நிலைநாட்டுகிறது. தலைவர் புகழ்மொழியில் தொடங்கி, நிகழ்வைக் கூறி, பெயர் வரிசையில் முடியும் பதாகை ஓர் உறவை அறிவிக்கிறது. அமைப்பு ஒத்திருப்பினும் நோக்கம் வேறு. இறந்தோர், சிறுவர், பூப்பெய்திய பெண்கள் ஆகியோரின் படங்களும் பெயர்களும் இடம்பெறுவதால், தொகுப்பை வெளியிடுகையில் தனிமனித அடையாளங்களை மறைக்கும் அறநெறியும் தேவை. கல்வெட்டு ஆய்வாளருக்கு எழாத கடமை இது.

இத்தகைய எளிய தாள்களைப் பேணும் முன்மாதிரி தமிழகத்தில் உண்டு. கோட்டையூர் ரோஜா முத்தையா பெயர்ப்பலகை எழுதும் தொழிலில் இருந்தவர். நூல்களோடு அழைப்பிதழ், நாடக அறிவிப்பு, துண்டறிக்கை ஆகியவற்றையும் சேர்த்து வைத்தார். அத்தொகுப்பே 1994இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக உருப்பெற்றது. பிறர் குப்பையெனக் கருதியதைச் சேர்த்தவர் எழுத்தோவியர் ஒருவர் என்பது தற்செயலாகத் தோன்றவில்லை. எழுத்தின் உழைப்பை அறிந்த கை, எழுத்தின் அழிவையும் முன்னுணர்ந்தது.

7. முடிவுரை

தெருப்பனுவலை வாழ்நாள், இடம், உரிமை என்னும் மூன்று கூறுகளால் வாசிக்கலாம் என்பது மேற்கண்ட சான்றுகளால் பெறப்படுகிறது. வாழ்நாள், ஒரு நிகழ்வுக்கு ஊர் அளிக்கும் நினைவின் அளவைக் காட்டும். இடம், ஒரு சொற்றொடரை அறிவிப்பாகவோ எதிர்ப்பாகவோ ஆக்கும். உரிமை, எழுதுவோர்க்கும் அழிப்போர்க்கும் இடையிலான சமூக உறவை வெளிப்படுத்தும். இம்மூன்றையும் பதிவு செய்யும் ஒழுங்கு கல்வெட்டியலில் முன்பே உள்ளது. அதைத் தெருவுக்குக் கொண்டு வருதலே எஞ்சிய பணி. தமிழ்த் துறை உள்ள ஒவ்வொரு கல்லூரியும் தன் வாயிலுக்கு எதிரேயுள்ள ஒரு தெருவை ஓராண்டு பதிவு செய்தால், இரு நாட்காட்டிகளும் முழுமையாக அத்தொகுப்பில் அமையும். முதுகலை மாணவர் ஒருவரின் ஆய்வேட்டுக்குள் அடங்கும் பணி இது.

தேவாரத் திருமுறைகள் தில்லைக் கோயிலில் பூட்டிய அறையொன்றில் செல்லரித்த நிலையில் கண்டெடுக்கப்பட்டன என்பது மரபு. எஞ்சியவை மட்டுமே கைக்கு வந்தன என்ற வருத்தமும் அம்மரபோடு சேர்ந்தே வழங்குகிறது. அந்த ஏடுகள் ஓர் அறைக்குள் இருந்தமையால் ஒரு பகுதியேனும் எஞ்சின. தெருச்சுவருக்கு அத்தகைய அறை இல்லை; அடுத்த வெள்ளையடிப்புக்கு முன் வந்து நிற்கும் ஆய்வாளரே அதற்குள்ள பாதுகாப்பு.